மீள்சிந்தனைக் குறிப்பேடு: எழுதி உண்மையாகவே வேலை திருந்தியவர்கள் இருக்கிறீர்களா?

மல்லாவிக் கணக்கு கேட்கிறார்:

வணக்கம். மல்லாவிப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கல்வியியற் கல்லூரி முடித்து வந்து கனகாலம் ஆகவில்லை. சொந்த இடம் வடமராட்சி. கிழமை நாட்களில் இங்கே வாடகை அறை, வெள்ளி பின்னேரம் பஸ்.

கட்டுறு பயில்வுக் காலத்தில், அதாவது பாடசாலையில் பயிற்சிக்கு நின்ற காலத்தில், மீள்சிந்தனைக் குறிப்பேடு ஒன்று எழுதச் சொன்னார்கள். எல்லோரும் புள்ளிக்காக எழுதினோம். அண்மையில் ஒரு சேவைக்காலப் பயிற்சியில் அந்த விஷயம் திரும்ப வந்தது. ஒரு தாள் தந்தார்கள். என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், எது நன்றாகப் போனது எது போகவில்லை, ஏன் அப்படி, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வீர்கள் என்று ஆறு பெட்டி. அடியில் "கிப்ஸ், 1988" என்று போட்டிருந்தது.

இந்தத் தவணை தொடக்கம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். ஆனால் எதை எழுதினாலும் ஒரே மாதிரித்தான் வருகிறது. போன கிழமை எழுதியதை அப்படியே தருகிறேன்:

"தரம் 8 இல் திசைகொண்ட எண்கள் கற்பித்தேன். மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர். எனினும் சிலருக்கு விளங்கவில்லை. இது மனவருத்தத்தைத் தந்தது. அடுத்த முறை கற்றல் உபகரணங்களைக் கூடுதலாகப் பயன்படுத்துவேன்."

திரும்ப வாசிக்க எனக்கே கொட்டாவி வருகிறது. யார் அந்தச் சிலர், அவர்களுக்கு எது விளங்கவில்லை, ஒன்றும் இதில் இல்லை. பாடக்குறிப்பின் கடைசியில் "பாடம் வெற்றிகரமாக நிறைவுற்றது" என்று எழுதிப் பழகிய கை, இங்கேயும் அதையே கொஞ்சம் நீட்டி எழுதுகிறது.

எவ்வளவு எழுத வேண்டும்? ஒவ்வொரு நாளுமா? ஆறு பெட்டியையும் நிரப்பத்தான் வேண்டுமா? அதிபருக்கோ ஆசிரிய ஆலோசகருக்கோ காட்டலாமா? எல்லாவற்றையும் விட, எழுதிய காரணத்தால் அடுத்த நாள் வேலையில் எதையாவது மாற்றிச் செய்தவர்கள் இருந்தால் அதைச் சொல்லுங்கள். ஆசிரியர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. தாதிமார், வெளிக்கள உத்தியோகத்தர்கள் எவரும் சொல்லலாம்.

வெண்கட்டி:

தம்பி, நானும் கணக்குத்தான், முழங்காவில் பக்கம். பாடக்குறிப்பு, தவணைத் திட்டம், வரவுப் பதிவேடு, புள்ளிப் பதிவேடு, பாடசாலை மட்டக் கணிப்பீடு. இவ்வளவும் காணாதென்று இனி மனதுக்கும் ஒரு பதிவேடா?

பாடம் ஏறினதா இல்லையா என்று பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கத் தெரிந்துவிடும். அதை எழுத ஒரு கொப்பி, கொப்பியைப் பார்க்க ஒரு மேற்பார்வை, மேற்பார்வைக்கு ஒரு படிவம். கடைசியில் படிவம் மட்டும்தான் மிஞ்சும். எழுதுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. நாற்பது நிமிடப் பாடம் முடிந்த கையோடு அடுத்த வகுப்புக்கு ஓடுகிறவனுக்கு நேரம் எங்கே என்றுதான் கேட்கிறேன்.

ஸ்கூட்டி மிஸ்:

தம்பி, நான் ஆசிரியை இல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் குடும்பநல உத்தியோகத்தர். சனம் மிஸ் என்று கூப்பிடும். கொப்பி எழுதுகிற பழக்கம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில், வெண்கட்டி சேர் சொன்னதில் பாதி சரி. மேலதிகாரி கையெழுத்து வைக்கிற கொப்பியில் உண்மை வராது. எங்களுக்கும் பதிவேட்டுக்குக் குறைவில்லை. குடும்பப் பதிவேடு, கர்ப்பிணித் தாய்மார் பதிவேடு, பிறப்பு, நிறை, தடுப்பூசி, மாதக் கடைசியில் அறிக்கை. எல்லாம் எண்ணிக்கை. எத்தனை வீடு போனேன் என்று அவற்றில் இருக்கும். போன வீட்டில் என்ன கதை நடந்தது என்று ஒன்றிலும் இருக்காது. என் கொப்பி அதற்கு. அதை ஒருவரும் பார்ப்பதில்லை, பார்க்கக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

சின்னக் கொப்பி, ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே கிடக்கும். கடைசி வீட்டால் வெளிக்கிட்டதும், வழியில் ஒரு பாலை மர நிழலில் நிறுத்தி ஒரு பக்கம் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை. எல்லா வீட்டைப் பற்றியும் எழுதுவதில்லை. அன்றைக்கு எந்த வீட்டில் கதை ஏதோ இடறியதோ அந்த ஒரு வீடு. ஒன்றும் இடறாத நாளில் எழுதுவதும் இல்லை. வீட்டுக்குப் போய் ஆறுதலாக எழுதலாம் என்று நினைத்தால் சரிவராது. உலை வைக்க வேண்டும், பிள்ளைகளின் பாடம், பிறகு நித்திரை. அதற்குள் அந்தத் தாய் சொன்னது என் வாய்ச்சொல்லாக மாறிப் போய்விடும். "தாய் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி வைப்பேன். அவ அப்படி ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டா.

ஆகவே எழுதுவது கதையை மட்டும். நான் என்ன கேட்டேன், அவர்கள் என்ன சொன்னார்கள். நாடகம் எழுதுகிற மாதிரி. கொப்பியின் இடப்பக்கம் அதற்கு. வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவேன்.

ஒன்றைக் காட்டுகிறேன். ஒன்பது மாதப் பிள்ளை. நிறை வரைபில் கோடு ஏறாமல் படுத்துவிட்டது. வீட்டுக்குப் போனேன்.

நான்: பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள்?
தாய்: எல்லாம் குடுக்கிறன் மிஸ்.
நான்: மரக்கறி?
தாய்: ஓம்.
நான்: மீன், முட்டை?
தாய்: ஓம் மிஸ்.
நான்: ஒரு நாளைக்கு எத்தனை தரம்?
மாமி: மூன்று தரம். இடையில பிஸ்கற்.

பக்கம் இவ்வளவுதான். உணர்வும் எழுதவில்லை, ஆராய்ச்சியும் எழுதவில்லை. அன்றைக்கு இதில் எனக்கு ஒன்றும் தெரியவும் இல்லை. மாத அறிக்கை நிரப்ப உட்கார்ந்த அன்று, சும்மா பழைய பக்கங்களைப் புரட்டினேன். வேறு வேறு ஊர், வேறு வேறு தாய்மார். பக்கத்துக்குப் பக்கம் "எல்லாம் குடுக்கிறன் மிஸ்", "ஓம் மிஸ்". இத்தனை வீட்டிலும் ஒரே பதில் வருகிறதென்றால் கேள்வியைத்தான் பார்க்க வேண்டும் என்று அப்போது பட்டது. சீருடையோடு போய் நின்று "மீன் குடுக்கிறீங்களா" என்று கேட்டால் எந்தத் தாய் இல்லை என்பா? கேட்கிற விதத்திலேயே விடை இருக்கிறது.

அதற்குப் பிறகு கேள்வியை மாற்றினேன். "நேற்று விடிய எழும்பினதில இருந்து படுக்கும் வரைக்கும் பிள்ளையின்ர வாயில என்னென்ன போனது, ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ." இது நான் கண்டுபிடித்ததில்லை. போஷாக்குத் துறையில் 24 மணிநேர உணவு நினைவுகூரல் என்று காலங்காலமாக இருக்கிற முறை, பயிற்சியிலும் படித்ததுதான். ஆனால் படித்தது ஒரு பக்கம் கிடக்க, படலையடியில் வேறு கேள்விதான் வாயில் வரும். கொப்பிதான் இரண்டையும் ஒட்ட வைத்தது.

அதே வீட்டில் புதுக் கேள்வியைக் கேட்க வந்த கதை வேறு. விடியத் தேத்தண்ணியும் பிஸ்கற்றும். பத்து மணி போல தாய்ப்பால். மத்தியானம் சோறும் பருப்பும், பருப்பு என்றால் மேலே நிற்கிற தண்ணி மட்டும். பின்னேரம் திரும்பவும் தேத்தண்ணி. மீன் வீட்டில் சமைப்பது உண்மை. முள்ளுக்குப் பயந்து பிள்ளைக்குத் தீத்துவதில்லை. இப்போது கதைக்க ஒரு பொருள் கிடைத்தது. தேத்தண்ணி பிள்ளையின் உடம்பில் இரும்புச்சத்துச் சேருவதைக் குறைக்கும், அதை நிற்பாட்டுங்கோ. முள்ளுக் குறைந்த விரால் துண்டை அவித்து, விரலால் தடவிப் பார்த்து, சோற்றோடு மசித்துக் குடுங்கோ. பருப்பின் அடியில் கிடக்கிறதைக் கரண்டியால் அள்ளுங்கோ. "போஷாக்கான உணவு கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் விளங்கும்தானே. நிறை உடனே ஏறிவிடவில்லை. பிள்ளைக்கு இடையில் காய்ச்சலும் வந்தது. ஆனால் அடுத்த முறை போனபோது அந்தத் தாய் தானாகவே கதைத்தா.

இன்னொன்றும் அந்தப் பக்கங்களில் இருந்தது. யார் பதில் சொல்கிறார் என்பது. மேலே பாருங்கள், கடைசிக் கேள்விக்கு மாமி புகுந்துவிட்டா. மாமி கதிரையில் இருக்கிற வீடுகளில் மருமகளின் வரிகள் கட்டையாகவே இருந்தன. இப்போது நிறுக்கிறதை முற்றத்து மரத்தடியில் வைத்துக்கொள்கிறேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்தான் வர வேண்டியிருக்கும். மாமிக்கும் மரியாதை குறையாது.

உங்கள் ஆறு பெட்டித் தாளை எனக்கும் தெரியும். மகள் தாதியர் பயிற்சியில் இருக்கிறா, அவவும் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்து முழிப்பா. நான் ஆறையும் நிரப்புவதில்லை. மாதக் கடைசியில் திரும்ப வாசிக்கும்போது வலப்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதுவேன், அடுத்த முறை வாயால் கேட்கப் போகிற வரி. "தாய்மாருக்கு விழிப்புணர்வை அதிகரிப்பேன்" என்று எழுதினால் அது அறிக்கை வசனம், ஒருவரும் அப்படிக் கதைப்பதில்லை. வாய்க்கு வராத வரி அடுத்த வீட்டிலும் வராது. உங்கள் "கற்றல் உபகரணங்களைக் கூடுதலாகப் பயன்படுத்துவேன்" என்பதும் அந்த இனம்தான் தம்பி, கோவிக்க வேண்டாம்.

பெயர் எழுதாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கொப்பியும் பேனையுமாக ஒருவர் வந்து நின்றாலே சனம் ஒரு தரம் யோசிக்கும். எத்தனை பதிவு, எத்தனை பட்டியல், எத்தனை விசாரிப்புக் கண்ட சனம். ஆகவே படலைக்குள் இருக்கும்போது அந்தக் கொப்பியை வெளியில் எடுப்பதே இல்லை. பெயரில்லை, ஊரில்லை, "நீலக் கேற் வீடு" என்று எழுதினாலும் இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதுவும் இல்லை. "ஒன்பது மாதம், மூன்றாவது பிள்ளை", அவ்வளவு போதும்.

சில வீடுகளில் நிறை பார்க்கப் போன இடத்தில் 2009 கதை வந்துவிடும். முள்ளிவாய்க்காலில் விட்ட பிள்ளையைப் பற்றி, இந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதைப்பார்கள். இருந்து கேட்பேன். கொப்பியில் எழுத மாட்டேன். அது அவர்களுடைய கதை, என் வேலையைத் திருத்துவதற்கு எடுத்துக்கொள்கிற சாமான் கிடையாது. அன்றிரவு எனக்கு நித்திரை வராவிட்டால் கூட வேலை செய்கிற ஒருத்தியோடு கதைப்பேன். அதற்கும் மேலே என்றால் ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவு இருக்கிறது, உளநல உதவிக்கு 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. வேலைக்கொப்பியில் எல்லாவற்றையும் ஏற்றப் பார்க்க வேண்டாம்.

குளக்கட்டு:

மிஸ் சொன்னதை எங்கள் பயிற்சிகளில் வாசித்துக் காட்டலாம் போல இருக்கிறது. நான் ஆசிரிய ஆலோசகராக இருக்கிறேன், எந்த வலயம் என்று சொல்லவில்லை, அந்தத் தாளை அடித்துக் கொடுக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஆறு பெட்டி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் தம்பிக்குப் பயம் குறையும். கிரஹாம் கிப்ஸ் 1988 இல் ஒக்ஸ்போர்ட் பொலிரெக்னிக்கில் இருந்தபோது அதை எழுதினார். ஒரு குழுச் செயற்பாடு முடிந்த பிறகு ஆசிரியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து, எந்த ஒழுங்கில் கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் அது. முதலில் நடந்ததைச் சொல்லவிடு, தீர்ப்புக்கு அவசரப்படாதே. பிறகு உணர்வு. அதற்குப் பிறகுதான் சரி பிழை. வாயால் கதைப்பதற்கு வந்த வரிசையைத் தாதியர் கல்வி எடுத்துக்கொண்டது, பிறகு ஆசிரியர் கல்விக்கும் வந்தது, இடையில் எங்கோ அது படிவமாகிவிட்டது. தனியே இருந்து ஆறையும் நிரப்பினால் கொட்டாவி வரத்தான் செய்யும், எதிரே கேட்க ஆளில்லையே.

ஆறு கூடுதல் என்றால் மூன்று இருக்கிறது: என்ன, அதனால் என்ன, இனி என்ன. ரெரி போர்ட்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1970 இல் எழுதியது. மிஸ்ஸின் இடப்பக்கம் முதலாவது, வலப்பக்க வரி மூன்றாவது. நடுவில் இருக்கிற "அதனால் என்ன" அவவுக்குப் பக்கங்களைச் சேர்த்து வாசிக்கும்போது வருகிறது. ஒரு நாள் பாடத்தை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் ஊகம்தான் வரும்.

வெண்கட்டி சேர், முகத்தைப் பார்த்தால் தெரியும் என்றீர்கள். அதை, தொழில் செய்பவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று எழுதிய டொனால்ட் ஷோன் 1983 இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கை தன்னைத் திருத்திக்கொள்வது ஒன்று, முடிந்த பிறகு திரும்பிப் பார்ப்பது இன்னொன்று என்று பிரித்தார். உங்களைப் போல அனுபவசாலிகளுக்கு முதலாவது தானாக வரும். தம்பிக்கு வர இன்னும் காலம் வேண்டும், அதுவரைக்கும் கொப்பி.

எனக்குக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பக்கத்து வகுப்பில் மனம் ஒத்த ஒரு ஆசிரியருக்குக் காட்டுங்கள். புள்ளி போடுகிற கைக்கு அதைக் கொடுத்தால் திரும்பவும் "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர்" தான்.

கடைவாய்க்கால்:

நான் விவசாயப் போதனாசிரியர், முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம். நாட்குறிப்பும் முற்கூட்டிய நிகழ்ச்சித்திட்டமும் கந்தோருக்குக் கொடுக்கிற எங்களுக்கு இன்னொரு கொப்பி என்றால் கசக்கும். ஆனாலும் ஒன்று வைத்திருக்கிறேன். என்னுடைய முறை மிஸ்ஸின் முறைக்குத் தலைகீழ். நான் போவதற்கு முன்னம் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கோ வயலுக்கோ போகுமுன் ஒரு வரி: இன்றைக்கு என்ன நடக்கும் என்று நினைக்கிறேன். வந்த பிறகு ஒரு வரி: என்ன நடந்தது. இரண்டும் ஒத்துப்போன நாளில் கொப்பியை மூடிவிடலாம். ஒத்துப்போகாத நாளில்தான் விஷயம் இருக்கிறது.

சிறுபோகத்தில் ஒரு வயற்கண்டத்தில் நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற அறக்கொட்டியான் பூச்சி விழுந்தது. அதற்கு முதல் வைத்தியம் மருந்தில்லை, வயலில் நிற்கிற தண்ணியைச் சில நாள் வடிய விடுவது. யூரியாவை அள்ளிக் கொட்டாமல் இருப்பது அடுத்தது. கூட்டம் போட்டுச் சொன்னேன். "எல்லோரும் வடிய விடுவார்கள், செலவில்லாத வேலை" என்று முன்வரி. பிறகு போய்ப் பார்த்தால் தலைவாய்க்கால் பக்கம் வடிந்திருக்கிறது, கடைசிப் பக்கத்து வயலெல்லாம் தண்ணி தளம்பிக்கொண்டு நிற்கிறது. மருந்துத் தாங்கி முதுகில். வேறொரு கண்டத்திலும் இப்படியே. விவசாயி சொல்வழி கேட்கவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினால் கந்தோரில் அதை ஏற்றுக்கொள்வார்கள், அத்தோடு முடிந்தது. என் கொப்பியில் இரண்டு வரியும் அருகருகே கிடந்ததால் எந்தப் பக்கத்து வயல் என்று கேட்கத் தோன்றியது. கடைசிப் பக்கத்து ஐயா ஒருவர் சொன்னார், "தம்பி, இருக்கிற தண்ணியை விட்டிட்டு அடுத்த முறைத் தண்ணி எனக்கு வரும் எண்டு நீர் கையெழுத்து வைப்பீரோ?" இரணைமடுக் குளத்துத் தண்ணி முறை வைத்து வருகிற போகத்தில் அவர் கேட்டது நியாயம். இப்போது வடிய விடச் சொல்வதற்கு முன்னம் கமக்கார அமைப்போடு கதைத்து முறையைத் தெரிந்துகொண்டுதான் போகிறேன். எல்லா முறையும் சரிவருவதில்லை.

2021 இல் இரசாயன உரத் தடை வந்த காலத்துப் பக்கங்களும் இருக்கின்றன. முன்வரியும் பின்வரியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அதைப் பற்றி வேறொரு நாள்.

ஆசிரியருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். பாடத்துக்குப் போகுமுன் "இந்தக் கணக்கில் இந்த இடத்தில் பிழைப்பார்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

மல்லாவிக் கணக்கு:

அக்கா, சேர், அண்ணை எல்லோருக்கும் நன்றி. இரண்டு முறையையும் கலந்து எழுதிப் பார்த்தேன். இடைவேளையில் கன்ரீன் வாங்கில் இருந்து எழுதியது, பெயரில்லாமல் (சக என்றால் +, சய என்றால் −):

முன்வரி: −3 − 5 இல் 2 என்றோ −2 என்றோ பிழைப்பார்கள்.

நான்: −3 − 5 எவ்வளவு?
பின்வாங்குப் பொடியன்: எட்டு சேர்.
நான்: சக எட்டா, சய எட்டா?
அவன்: சக. சயவும் சயவும் சக தானே சேர்.
நான்: அது பெருக்கும்போது.
அவன்: ஓம் சேர்.

பின்வரி: ஒருவரும் 2 சொல்லவில்லை. 8 சொன்னார்கள்.

முந்தின நாள் பெருக்கலுக்கு நான் பாட்டாகப் பாடவிட்ட விதியை அவன் கண்ட இடமெல்லாம் போடுகிறான். பழைய பயிற்சிக் கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன், அவன் மட்டுமில்லை. "ஓம் சேர்" என்று என் பக்கத்திலும் வந்திருக்கிறது, மிஸ் அக்கா சிரிப்பீர்கள்.

அடுத்த பாடத்தில் விதியைத் தொடவில்லை. கிணற்றைக் கொண்டுவந்தேன். "கிணற்றுக் கட்டைப் பூச்சியமாக வைப்பம். தண்ணி மூன்று முழம் கீழே நிற்குது. இன்னும் ஐந்து முழம் வற்றுது. இப்ப எங்கே?" வகுப்பே கத்தியது, எட்டு முழம் கீழே. "அப்ப சகவா சயவா?" சய. அந்தப் பொடியனும் சய என்றான். எழுதியும் காட்டினான்.

பிறகு அவனே கேட்டான்: "அப்ப −3 − (−5) எண்டால் கிணத்துத் தண்ணியை என்ன செய்யிறது சேர்?" மணி அடித்துவிட்டது. நாளை பாடம் இருக்கிறது, என்னிடம் நல்ல விடை இல்லை. ஊறுவது என்று சொன்னால் கட்டுக்கு மேலே இரண்டு முழம் ஊறின கிணறு எங்கே இருக்கிறது என்று கேட்பான். கேட்கக் கூடியவன்தான்.

வெண்கட்டி:

கிணற்றை விடுங்கள், வவுனிக்குளத்துக்குப் போங்கள். வான் மட்டம், அதாவது குளம் நிரம்பித் தண்ணி வழியத் தொடங்குகிற மட்டம், பூச்சியம். தண்ணி மூன்றடி கீழே, அது −3. வற்றல் ஐந்தடி என்றால் −5. அந்த −5 ஐக் கழிப்பதென்றால், கணக்கில் எழுதின ஐந்தடி வற்றலை வெட்டிவிடுவது. வற்றலை வெட்டினால் மட்டம் ஐந்தடி மேலே வரும். மூன்றடி ஏற வான் மட்டம், மிச்சம் இரண்டடி வான் பாயும். சக இரண்டு. 2018 மார்கழியில் இரணைமடுக் கதவு திறந்த கதையை வீட்டில் கேட்டிருப்பார்கள், வான் பாய்வது என்றால் அவர்களுக்குப் படம் தேவையில்லை.

"வெட்டிவிடுவது" என்ற இடத்தில்தான் இடறுவார்கள். முதலில் பலகையில் வற்றல் கணக்கை எழுதிவிட்டு, பிறகு கண்முன்னே அழியுங்கள். சொல்லிக்கொண்டு போனால் ஏறாது.

கொப்பி எழுத எனக்கு இன்னும் நேரமில்லை. ஆனால் நாளைக்கு அவன் அடுத்ததாக என்ன கேட்டான் என்று இங்கே போடுங்கள். தரம் 8 எனக்கும் இருக்கிறது.